எடை ஏறாத குழந்தைக்கு நேரடித் தாய்ப்பாலா, பீய்ச்சிய பாலா, பவுடர் பாலா?

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் எடை எதிர்பார்த்தபடி ஏறாதபோது, நேரடிப் பாலூட்டலைச் சீர்செய்து அடிக்கடி ஊட்டுவது, பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலைக் கூடுதலாகப் புகட்டுவது, பவுடர் பால் (கைக்குழந்தைகளுக்கென்றே தயாரிக்கப்படும் ஃபார்முலா பால்) சேர்ப்பது என மூன்று வழிகள் பெற்றோர் முன் நிற்கின்றன. இவற்றுள் எது உயர்ந்தது என்பதைவிட, பால் சுரப்பில் குறையா அல்லது சுரந்த பால் குழந்தையின் வயிற்றுக்குப் போய்ச் சேர்வதில் குறையா என்பதே முதலில் தெளிய வேண்டிய கேள்வி.

அதற்கும் முன்பாக, எடை உண்மையிலேயே பின்தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறந்த சில நாட்களில் பிறப்பு எடையில் ஏறக்குறைய 7 சதவீதம் வரை குறைவது இயல்பு. 10 சதவீதத்தை நெருங்கினால் பரிசோதனை தேவை. பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வாரங்களுக்குள் பிறப்பு எடையை எட்டிவிடுகின்றன. பின்னர் முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்குச் சராசரியாக 20 முதல் 30 கிராம் வரை கூடுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடம் தாய்ப்பால் குடித்த குழந்தைகளின் அளவீடுகளை அடிப்படையாகக் கொண்டது என்பதால், ஒப்பிடுவதற்கு அதுவே பொருத்தமானது.

குழந்தை காம்பை மட்டும் கவ்வாமல் அதைச் சுற்றியுள்ள கருவளையத்தின் பெரும்பகுதியையும் சேர்த்துப் பற்றும்படி செய்வது, ஒரு நாளில் 8 முதல் 12 முறை ஊட்டுவது, உறிஞ்சல் தளரும்போது மார்பை மெல்ல அழுத்திக் கொடுப்பது ஆகியவை முதல் வழியில் அடங்கும். மார்பு காலியாகக் காலியாகச் சுரப்பின் வேகம் கூடுகிறது, பாலில் கொழுப்பும் மிகுகிறது; ஆகவே ஒரு பக்கம் நன்றாக வடிவதற்குள் அடுத்த பக்கத்துக்கு மாற்றுவதில் பயனில்லை. சேர்வதில் குறை என்றால், இந்த ஒன்றே பல வேளைகளில் போதுமானதாக அமையும். ஆனால் மார்பிலேயே தூங்கிவிடும் சோர்ந்த குழந்தையிடம் இதை மட்டும் நம்பிக் காத்திருப்பது ஆபத்து, ஏனெனில் உறிஞ்சுவதற்கே அதற்குத் தெம்பு இருக்காது.

அங்கேதான் பீய்ச்சிய பால் கைகொடுக்கிறது. ஊட்டியபின் கையாலோ பம்பாலோ எடுத்து, கிண்ணத்திலோ கரண்டியிலோ புகட்டினால், குழந்தைக்கு உணவும் மார்புக்குத் தூண்டலும் ஒருசேரக் கிடைக்கின்றன. ஊட்டுவது, புகட்டுவது, பீய்ச்சுவது என்று தாயின் உறக்கத்தை இது விழுங்கிவிடும் என்பதை அறிவுரை கூறுவோர் எளிதில் மறந்துவிடுகிறார்கள். வீட்டில் இன்னொருவர் புகட்டும் பொறுப்பை ஏற்காவிட்டால் நெடுநாள் தாக்குப்பிடிக்காது.

பவுடர் பாலைப் பொறுத்தவரை, அது தாய்ப்பாலைவிடச் சத்து கூடியது என்ற எண்ணம் தவறு; இரண்டிலுமே 100 மில்லிக்கு ஏறத்தாழ 65 முதல் 70 கிலோ கலோரிதான். எடை ஏறுவது கூடுதல் அளவு உள்ளே செல்வதால். தாய்ப்பாலின் நோய்த்தடுப்புக் கூறுகள் இதில் கிடையா. பீய்ச்சாமல் இதைச் சேர்த்தால் குழந்தையின் உறிஞ்சல் குறைந்து சுரப்பும் குறையும். எனினும் குழந்தை மந்தமாக இருந்தாலோ, முதல் வாரம் கடந்தபின் நாளொன்றுக்கு ஆறு முறைக்கும் குறைவாகச் சிறுநீர் கழித்தாலோ, அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பீய்ச்சிய பாலும் தாய்ப்பால் வங்கிப் பாலும் கிடைக்காத நிலையில் அவர் பவுடர் பால் கொடுக்கச் சொன்னால் தயங்க வேண்டியதில்லை. அளவு கூடி வருவதற்காக நீரை அதிகமாகச் சேர்ப்பதுதான் பெருந்தவறு.

எடை ஏறத் தொடங்கியதும் கூடுதல் பாலை ஒரே நாளில் நிறுத்திவிடாமல், அதே எடைக்கருவியில் உடையின்றி எடை பார்த்து, ஏற்றம் நிலைத்திருக்கும்வரை சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு வரலாம்.