பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக்குடுத்த தம்பிக்கு 4 ஸ்டார்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்ல ஜவுளிக்கடை வச்சிருக்கேன். பில்லிங், ஸ்டாக் ரெண்டுக்கும் வியாசர்பாடி தம்பி ஒருத்தர்கிட்ட வேலை குடுத்தேன், கம்பெனி கிம்பெனி எதுவும் இல்ல, ஒரு லேப்டாப்பும் பைக்கும்தான்.

இதுக்கு முன்னாடி ஒருத்தன்கிட்ட மாட்டி பேஜாரா போச்சு. டொமைன் (வெப் அட்ரஸ்), ஹோஸ்டிங் (சாஃப்ட்வேர் ஓடற சர்வர் இடம்) எல்லாம் அவன் பேர்ல, தீபாவளிக்கு பத்து நாள் இருக்கறப்போ சாஃப்ட்வேர் ஓப்பனே ஆகல, போன் பண்ணா எடுக்கல, கடைல நிக்க இடமில்லாத கூட்டம், நானும் மச்சானும் ராத்திரி வரைக்கும் கையாலயே பில்லு எழுதினோம். அப்புறமா சோர்ஸ் கோடு, அதாவது அவன் எழுதின ப்ரோகிராம், கேட்டா "அது என்னோடது"ன்றான்.

கடுப்புல இத தம்பிகிட்ட சொன்னா, "சட்டப்படி அவன் சொன்னது சரிதாண்ணா"ன்னுட்டாரு! 1957 காப்பிரைட் சட்டத்துல ப்ரோகிராமும் இலக்கியப் படைப்பு கணக்குலதான் வருதாம் (என் பில்லு இலக்கியமாம், வீட்ல சொன்னா நம்பல). சம்பளத்துக்கு இருக்கற ஆள் எழுதினா உரிமை முதலாளிக்கு, வெளி ஆள் எழுதினா அவனுக்கே, எழுதி கையெழுத்து போட்டு மாத்திக்குடுத்தாதான் நமக்கு. அதுலயும் எத்தன வருஷம்னு போடலன்னா 5 வருஷம்தான். அவரே பேப்பர் ரெடி பண்ணி, காப்பிரைட் இருக்கற காலம் முழுக்கன்னு போட்டு, கடைசி தவணை வாங்கின அன்னிக்கே கையெழுத்து போட்டாரு. பிரிண்ட் எடுக்கற பகுதி மட்டும் அவர் எல்லா கடைக்கும் போடறது, அது அவரோடதுதான், நான் யூஸ் பண்ணிக்கலாம் விக்கக் கூடாதுன்னாரு. நியாயம்தானே.

கோட ஆன்லைன்ல சேத்து வைக்கற கிட்ஹப் அக்கவுண்ட் மொத நாளே என் பேர்ல. கடைசி நாள் என் அக்கா பையன்கிட்ட, தம்பி எழுதிவச்ச குறிப்ப மட்டும் பாத்து அவன் லேப்டாப்ல சாஃப்ட்வேர ஏத்தச் சொன்னாரு, தம்பி கை வைக்கவே இல்ல. டேட்டாபேஸ்ல மாட்டிக்கிச்சு, குறிப்புல ஒரு செட்டிங் எழுத மறந்துட்டாரு, அங்கயே சேத்தாரு, மறுபடி மொதல்லேர்ந்து போட்டதும் ஒரு லுங்கி ரெண்டு துண்டுக்கு பில்லு வந்துச்சு. அப்புறம் எல்லா பாஸ்வேர்டையும் என்னையே மாத்தச் சொல்லிட்டு "எனக்கு தெரியக் கூடாதுண்ணா"ன்னு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

ஒரு ஸ்டார் கம்மி ஏன்னா மூணு வாரம்னு சொல்லி அஞ்சு வாரம் இழுத்தாரு, காலைல 11 மணிக்கு முன்னாடி போனும் எடுக்க மாட்டாரு. இப்ப கொருக்குப்பேட்டை குடோனுக்கும் அதே சாஃப்ட்வேர் போடணும்னு அவரத்தான் கூப்ட்டிருக்கேன், பாஸ்வேர்ட் நான் குடுத்தாதான் உள்ள போவாராம்.