நாய்க்குட்டி தத்துக் கேட்டு வரும் ஒருவர்: காரைக்குடிப் பக்கம் இருப்பவர்கள் கவனிக்கவும்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் தெருவில் கிடக்கும் குட்டிகளை எடுத்துத் தேற்றித் தத்துக் கொடுப்பவர்கள் இதைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். ஒருவர் நம்மிடம் சும்மா குட்டிகளை வாங்கிப்போய், சிப்பிப்பாறை நாய் என்று சொல்லி, பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளுக்குக் காவலுக்கு விற்றுக்கொண்டிருக்கிறார். எங்கள் காப்பகத்துக் குட்டி ஒன்று அவரிடம் மாட்டி, கழுத்தில் புண்ணோடு திரும்ப வந்திருக்கிறது.

காவல் நிலையத்தில் மனு கொடுத்திருப்பதால் பெயரையும் படத்தையும் இப்போது போடவில்லை. ஆள் எப்படி வருவார், என்ன பேசுவார், எதைக் காட்டி நம்பவைப்பார் என்பதைச் சொல்கிறேன். அது தெரிந்தாலே போதும், பிடித்துவிடலாம்.

குட்டியின் பெயர் செவலை. நிறமும் அதுதான். மழைக்காலத்தில் கழனிவாசல் பக்கம் கட்டட வேலை நடந்த இடத்தில் கிடைத்தாள். கூடப் பிறந்தவை பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து போய்விட்டன. இவள் ஒருத்திதான் பிழைத்தாள். தேறியதும் தடுப்பூசிகளை ஒழுங்காகப் போட்டோம். பார்வோவுக்கும், டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோய்க்கும் சேர்த்துப் போடும் ஊசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, பதினாறு வாரம் வரை போடவேண்டும். மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. எல்லாம் அட்டையில் பதிவாகி, மருந்துக் குப்பியிலிருந்து உரித்த ஸ்டிக்கரும் டாக்டரின் முத்திரையும் இருந்தன. அந்த அட்டைதான் பிறகு அவளைக் காப்பாற்றியது.

பெட்டைக் குட்டிக்கு வீடு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். போன் வந்தால் முதல் கேள்வியே "கடுவன் (ஆண் குட்டி) இருக்கா?" என்பதுதான். இவர் அப்படிக் கேட்கவில்லை. "பெட்டைன்னா என்னக்கா, உயிர்தானே" என்றார். ஒரு செட்டியார் வீட்டை நிர்வாகம் பார்ப்பதாகவும், மனைவி பிள்ளைகளோடு அங்கேயே இருப்பதாகவும், பங்காளிகள் எல்லாம் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பதாகவும் சொன்னார். குட்டிக்கு என்ன கொடுப்பீர்கள், எங்கே படுக்கும், ஊசி யார் போடுவீர்கள் என்று கேட்டதற்கெல்லாம் தடுமாறாமல் பதில் வந்தது.

வீட்டைப் பார்க்காமல் நாங்கள் குட்டி கொடுப்பதில்லை. போய்ப் பார்த்தோம். முகப்பில் வாழைமரம் கட்டியிருந்தது. பட்டாலை என்கிற கூடத்தில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். வளவை, அதாவது உள்முற்றத்தைச் சுற்றிப் பிள்ளைகள் ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டாங்கட்டில் பெரிய அடுப்பு எரிந்தது. இவர் உள்ளேயும் வெளியேயும் உரிமையோடு போய்வந்தார், சமையல்காரர்களை வேலை ஏவினார். "வீட்ல ஒரு விசேஷம்க்கா, அதான் கொஞ்சம் கூட்டம்" என்றார். பிள்ளைகள் இரண்டு பேர் வந்து செவலையைத் தூக்கிக்கொண்டார்கள். யார் பார்த்திருந்தாலும் நல்ல வீடு என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

இந்த இடத்தை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்கவேண்டும். செட்டிநாட்டில் பாரம்பரிய வீடுகள் நிறைய, வருஷத்தின் பெரும்பாலான நாட்கள் பூட்டியே இருக்கும். ஒரே வீட்டில் பல பங்காளிகளுக்குப் பங்கு உண்டு. கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் போன்றவை), கோயில் காரியம் என்றால் எல்லோரும் வந்து இறங்குவார்கள். அந்த நாலைந்து நாளும் வீடு நிறைந்திருக்கும். முடிந்ததும் கதவைச் சாத்திக் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் கூட்டிப் பெருக்க, விளக்கேற்ற ஒரு ஆள் மட்டும் வந்துபோவார். நாங்கள் பார்த்ததும் ஒரு கல்யாணக் கூட்டம்தான். இந்த ஆள் அந்தக் கல்யாணத்துக்குப் பந்தல், பாத்திரம் ஏற்பாடு செய்ய வந்தவர், அவ்வளவுதான். பங்காளிகளுக்குள்ளேயே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியாத கூட்டத்தில், இவர் யார் என்று எவரும் கேட்கப்போவதில்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் எங்களை அந்த நாளில் வரச்சொல்லியிருக்கிறார்.

கையெழுத்துப் போட்டார், ஆதார் நகல் கொடுத்தார். ஆறு மாதம் ஆனதும் கருத்தடை ஆபரேஷன் தானே செய்துவிடுவதாகவும் ஒத்துக்கொண்டார். கொஞ்ச நாளில் அதற்குப் பணம் கேட்டார். காப்பகத்தில் அதற்கென்று ஒதுக்கிய பணத்திலிருந்து அனுப்பினோம். முடி மழித்த வயிறு ஒன்றின் படம் வந்தது, முகம் தெரியவில்லை. செவலைக்குத் தொப்புளுக்குக் கீழே வெள்ளைத் திட்டு உண்டு. அந்தப் படத்தில் அது இல்லை.

அதன் பிறகு அவர் அனுப்பியிருந்த எல்லாப் படங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தோம். வாரம் தவறாமல் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் படுத்திருக்கிறாள், தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறாள், தட்டில் சாப்பிடுகிறாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எல்லாவற்றிலும் கழுத்துப்பட்டையின் பக்கிள் நாங்கள் மாட்டி அனுப்பிய அதே முதல் துளையில் இருந்தது. நாலு மாதத்துக் குட்டி இரண்டு மாதத்தில் எவ்வளவு வளரும்! வாரத்துக்கு வாரம் கழுத்து பருக்கும், பட்டையைத் துளை துளையாகத் தளர்த்திக்கொண்டே வரவேண்டும். படத்தில் பட்டையும் நகரவில்லை, குட்டியும் வளரவில்லை. எல்லாப் படத்தையும் அந்தக் கல்யாண வீட்டிலேயே எடுத்து வைத்துக்கொண்டு, வாரத்துக்கு ஒன்றாக அனுப்பியிருக்கிறார்.

வீடியோ காலில் காட்டுங்கள் என்றோம். டவர் இல்லை என்றார். நேரில் வருகிறோம் என்றதும் போன் அணைந்துவிட்டது. அந்த வீட்டுக்குப் போனால் பூட்டு. ஆதாரில் இருந்த முகவரியில் அவர் காலி செய்துபோய் வருஷக்கணக்காகிறது.

அப்போதுதான் நாங்கள் வழக்கமாகப் போகும் கால்நடை மருத்துவரிடமிருந்து போன் வந்தது. "உங்க அட்டை ஒண்ணு இங்க வந்திருக்கும்மா. கையெழுத்து என்னோடதுதான். ஆனா நாட்டு நாய்னு நான் எழுதின இடத்துல வெள்ளை மை பூசி சிப்பிப்பாறைன்னு எழுதியிருக்கு." ரேபிஸ் ஊசியின் அடுத்த தவணைக்காக, ஒரு வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவின் பேரன் முத்திரையில் இருந்த முகவரியைப் பார்த்து அட்டையை அங்கே எடுத்துவந்திருக்கிறான். அந்தப் பையனுக்கும் டாக்டருக்கும் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

வீடு வேறு ஊரில். இங்கே பெரிய வீடுகள் ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும். முன்வாசலில் நின்று கூப்பிட்டால் பின்கட்டுக்குக் கேட்காது. பின்வாசல் வழியாகப் போனோம். கிணற்றடித் தூணில், மாட்டைக் கட்டும் சங்கிலியில், இரண்டு முழத்துக்குள் செவலையைக் கட்டியிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள், ஆனால் தலையைத் தூக்கவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால் அதே பட்டை, அதே துளை. கழுத்தைச் சுற்றி முடி உதிர்ந்து, தோல் சிவந்து, அடியில் நீர் கோத்திருந்தது. பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழையவில்லை. இரண்டு விரல் தாராளமாக நுழையவேண்டும்.

அந்த அம்மா கண்கலங்கிவிட்டார். "பட்டையைக் கழட்டுனா ஓடிப்போயிரும், என்ன ஆனாலும் கழட்டக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாரும்மா. ரெண்டு வேளையும் நல்லாத்தான் சோறு வச்சேன்." உண்மை. வயிற்றுக்குக் குறை வைக்கவில்லை. அவர் மேல் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. மாலையில் அவர் வீட்டுக்குப் போய்விட்டால் மறுநாள் காலை வரை அந்தப் பெரிய வீட்டில் குட்டி தனியாக இருந்திருக்கிறது.

சென்னையில் இருந்த வீட்டுக்கார ஆச்சியிடம் போனில் பேசினோம். ஆறாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். ஊரில் திருட்டுப் பயம், நல்ல ஜாதி நாய், ஒரு வருஷத்தில் ஆளையே கிட்ட விடாது என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறார். "ஏம்மா, காப்பகத்துப் பிள்ளையவா இப்படி வித்தான்? நீங்க முதல்ல கூட்டிட்டுப் போய் வைத்தியம் பாருங்க, ரூபாயை நான் பாத்துக்கறேன்" என்றார். பணம் கொடுத்து அவரும் ஏமாந்திருப்பதால், போலீஸில் அவரையும் புகார் கொடுக்கச் சொல்லியிருக்கிறோம்.

அவர் புகார் கொடுப்பது முக்கியம். விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960இன் 11ஆவது பிரிவில், குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டிப்போடுவதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்கவிடாமல் இருப்பதும் குற்றம்தான். ஆனால் முதல் தடவை என்றால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. எப்போதோ எழுதிய தொகை அது. இந்த ஆளை அது என்ன செய்யும்? பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் ரசீதோடு வந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 318ஆவது பிரிவில் மோசடி என்றே வழக்குப் போகமுடியும். எங்களுக்கு இப்போதைக்கு சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, கொடுத்திருக்கிறார்கள். ஜிபே, போன்பே வழியாகப் பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கும் உடனே போன் செய்யுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டுக்காரர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். சிப்பிப்பாறை வேட்டைக்கென்று வளர்த்த இனம். நீண்டு ஒடுங்கிய முகம், ஆழமான நெஞ்சு, உள்வாங்கிய வயிறு, ஓட்டம்தான் அதன் பிழைப்பு. ஒல்லியாக, செவலையாக இருக்கும் குட்டியெல்லாம் சிப்பிப்பாறை ஆகாது. நிஜமான சிப்பிப்பாறையாகவே இருந்தாலும், ஆளில்லாத வீட்டில் கிணற்றடியில் கட்டிப்போட்டால் இராத்திரி முழுக்க ஊளையிடும், அல்லது பயந்து ஒடுங்கிப்போகும். வீட்டுக்குக் காவல் வேண்டுமென்றால் ராத்தங்க ஆள் போடுங்கள். அந்த ஆளுக்குத் துணையாக நாய் இருக்கட்டும்.

தத்துக் கொடுப்பவர்கள், வருகிறவரிடம் விசேஷமில்லாத ஒரு சாதாரண நாளில் ராத்திரி அந்த வீட்டில் யார் படுப்பார்கள் என்று கேளுங்கள். பக்கத்து வீட்டிலும் கேளுங்கள். நிர்வாகம் பார்க்கிறேன் என்று சொன்னால் வீட்டுக்காரரிடம் நேரடியாகப் பேசாமல் கொடுக்காதீர்கள். படம் வேண்டாம், சொல்லாமல் கொள்ளாமல் வீடியோ காலில் கூப்பிடுங்கள். ஆபரேஷன் பணத்தை ஆள் கையில் கொடுக்காமல் டாக்டரிடமே கட்டுங்கள். தடுப்பூசி அட்டையில் காப்பகத்தின் பெயரை மையால் பெரிதாக எழுதி, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

செவலைக்குக் கழுத்துப் புண் ஆறிவருகிறது, முடி முளைக்கிறது. சங்கிலிச் சத்தம் கேட்டால் மூலைக்குப் போய்விடுகிறாள், மற்றபடி சாப்பாடு, விளையாட்டு எல்லாம் பழையபடி. ஆபரேஷனை நாங்களே முடித்துவிட்டுத்தான் இனி வீடு பார்ப்போம். வீடு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, எப்போதும் ஆள் இருக்கவேண்டும்.

இவளைப் பற்றி விசாரித்தபோதுதான் தேவகோட்டைப் பக்கத்து நண்பர்களும் இதே ஆளிடம் ஒரு கடுவன் குட்டி கொடுத்திருப்பது தெரிந்தது. அவன் இன்னும் கிடைக்கவில்லை. கறுப்பு நிறம், நெஞ்சில் வெள்ளை, முன்னங்கால் இரண்டிலும் சாக்ஸ் போட்ட மாதிரி வெள்ளை, இடது காது நுனியில் சின்ன வெட்டு. இப்போது ஏழெட்டு மாதம் இருக்கும். பூட்டின வீடுகளில் பெருக்கித் துடைக்கப் போகிறவர்கள், பால் ஊற்றுகிறவர்கள், எலக்ட்ரிக் வேலைக்குப் போகிறவர்கள் பின்கட்டை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். அப்படி ஒரு நாய் இருந்தால் நீங்களாக அவிழ்க்கவேண்டாம், பயத்தில் கடித்துவிடக்கூடும். படம் எடுத்து, பக்கத்தில் உள்ள கால்நடை மருத்துவமனையில் காட்டுங்கள். அங்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறோம், எங்களுக்குத் தகவல் வந்துவிடும்.