தனிப் பீரியடா, பாடத்துக்குள்ளேயேவா?

தான் எப்படிக் கற்கிறோம் என்பதை மாணவரே கவனித்துத் திருத்திக்கொள்ளும் திறன்தான் மெட்டாகாக்னிஷன். அது வேண்டும் என்பதில் பள்ளிகளுக்குள் சண்டை இல்லை. கால அட்டவணையில் எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை.

தனிப் பீரியட் தலைமையாசிரியருக்கு வசதி. ஒரே ஒருவருக்குப் பயிற்சி கொடுத்தால் போதும், ஆய்வுக்கு வருபவர் கண்ணிலும் படும். பிள்ளைகளும் ‘திட்டமிடு, கவனி, மதிப்பிடு’ என்று அழகாக ஒப்பிப்பார்கள். ஆனால் அடுத்த பீரியடில் கணக்கு வந்ததும் எதைத் திட்டமிடுவது என்று விழிப்பார்கள். இங்கிலாந்தின் கல்வி ஆய்வு அமைப்பான எஜுகேஷன் எண்டோமென்ட் ஃபவுண்டேஷன் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டியும் இந்த உத்திகளைப் பாடத்தோடு சேர்த்தே கற்பிக்கச் சொல்கிறது. என் ஓட்டும் அதற்குத்தான்.

பாடத்துக்குள் என்றால் எப்படி? தள்ளுபடிக் கணக்கைப் போடும்போது ஆசிரியர் தன் யோசனையை வாய்விட்டுச் சொல்கிறார்: “20 சதவீதம் என்கிறார்கள். எதில் 20? அடக்க விலையிலா, குறித்த விலையிலா? தள்ளுபடி என்பதால் குறித்த விலையில். சரி, வந்த விடை குறித்த விலையைவிடக் குறைவா? ஆமாம்.” அடுத்த கணக்கில் இந்தக் கேள்விகளைப் பிள்ளைகள் கேட்கிறார்கள். அப்புறம் தனியாகப் போடுகிறார்கள். சிக்கல் என்னவென்றால், இருபது வருடம் கணக்கு நடத்தியவருக்குத் தான் யோசிப்பதே தெரியாது. கை தானாகப் போடும். அதை வெளியே கொண்டுவர, சக ஆசிரியர் ஒருவர் வகுப்பில் உட்கார்ந்து “இந்த வரி எப்படி வந்தது?” என்று கேட்க வேண்டும். அதற்கு நேரம் ஒதுக்குவது தலைமையாசிரியர் வேலை. ஒருநாள் பயிற்சி முகாமில் இது நடக்காது.

சுயமதிப்பீட்டிலும் இரண்டு கட்சி. பாடம் முடிந்ததும், எவ்வளவு புரிந்தது என்று காட்டச் சிரித்த முகம், சோக முகம் வரையச் சொல்வது சுலபம், ஆனால் நம்ப முடியாது. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-ல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பினார்கள். ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் அவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, ஒருமுறை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். அதனால் முகம் வரைவதை விட்டுவிட்டு, மறுநாள் புத்தகத்தை மூடிவைத்து, ஐந்து கேள்விக்கு எத்தனை மதிப்பெண் வரும் என்று முதலில் எழுதச் சொல்லலாம். பிறகு தேர்வு, பிறகு ஒப்பீடு. பதிவேட்டில் ஏற்ற வேண்டாம். ஏற்றினால் பிள்ளைகள் உண்மையான எண்ணை எழுத மாட்டார்கள்.