புது வீட்டில் சாக்கடை நாற்றம்: சிலிக்கோன் மூடி வாங்கினேன், பிளம்பரையும் கூப்பிட்டேன்

கிரகப்பிரவேசத்துக்குப் பால் காய்ச்சிய பாத்திரத்தைக்கூட இன்னும் எடுத்து வைக்கவில்லை, அதற்குள் நாற்றம் வந்துவிட்டது. மேடவாக்கம் பக்கம், மூன்றாவது மாடி, புத்தம் புது ஃபிளாட். பாத்ரூமில் அடித்தால்கூடப் பரவாயில்லை, இது படுக்கையறையில், அதுவும் ராத்திரி கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி ஏசி போட்டுப் படுத்த பிறகுதான் அடிக்கும். அழுகின முட்டை வாசம். எலி செத்துக் கிடக்கும் என்று சொல்லி அம்மா பரண் வரை ஏறிப் பார்க்க வைத்தார். ஒரு அட்டைப்பெட்டிகூட இல்லாத பரணில் எலிக்கு என்ன வேலை? ஃபினாயில், ஆசிட், நாப்தலின் உருண்டை எல்லாம் ஆயிற்று. பில்டரின் ஆள் வந்து மோந்து பார்த்துவிட்டு, "புது வீடுன்னா அப்படித்தான் சார், பழகிடும்" என்றார்.

பழகத்தான் செய்தது, சிக்கலே அதுதான். அந்த வாசத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடு, தொடர்ந்து சுவாசித்தால் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் தங்கை உள்ளே வந்ததும் முதல் வேலையாகத் துப்பட்டாவை மூக்கில் வைத்தாள்.

சரி என்று ஆன்லைனில் சிலிக்கோன் மூடி நான்கு வாங்கினேன், மொத்தம் 1,100 ரூபாய். பாத்ரூம் ஜாலியைக் கழற்றிவிட்டு, அதற்குக் கீழே தண்ணீர் தேங்கி நின்று சாக்கடைக் காற்றைத் தடுக்கும் நானி டிராப்புக்குள் சொருகி வைப்பது; தண்ணீர் இறங்கும்போது கீழே இருக்கும் உதடு திறக்கும், நின்றதும் மூடிக்கொள்ளும். கெஸ்ட் பாத்ரூமில் இது நன்றாகவே வேலை செய்தது. அந்த பாத்ரூமை யாரும் பயன்படுத்துவதில்லை, டிராப்பில் இரண்டு அங்குலமாவது நிற்க வேண்டிய தண்ணீர் காய்ந்துபோயிருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் வாரம் ஒரு மக் தண்ணீர் ஊற்றினாலே அதே பலன், மேலே ஒரு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டால் சீக்கிரம் காயவும் காயாது. நாங்கள் குளிக்கிற பாத்ரூமில் பத்தே நாளில் முடி சிக்கி உதடு திறந்தபடியே நின்றுவிட்டது. தண்ணீர் இறங்குவதும் மெதுவாகிவிட்டது. படுக்கையறை நாற்றம்? அப்படியே இருந்தது. மூடிக்கு ஐந்துக்கு இரண்டு.

அப்புறம்தான் நண்பர் சொன்ன பிளம்பர். ஒன்பது மணிக்கு வருகிறேன் என்றவர் வந்தது பதினொன்றரைக்கு. ஆனால் வந்ததும் மற்றவர்கள் மாதிரி ஆசிட் பாட்டிலைத் தேடவில்லை. ஜன்னல்களை எல்லாம் சாத்தச் சொன்னார், ஓட்டை வழியாகக் காற்று உள்ளே இழுக்கட்டும் என்று பாத்ரூம் கதவைத் திறந்து வைத்து எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டார், டிஷ்யூ பேப்பரில் ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்துக்கொண்டு ஒவ்வொரு ஓட்டையாகக் காட்டிக்கொண்டே போனார். ஊதுபத்தி கொண்டு வரட்டுமா அண்ணே என்றேன், சாக்கடை காற்றில் மீத்தேனும் இருக்கும், பைப் பக்கத்தில் நெருப்பு வேண்டாம் என்றுவிட்டார். கிச்சன் சிங்க்குக்குக் கீழே வேஸ்ட் பைப் சுவருக்குள் போகும் இடத்தில் பேப்பர் லேசாக ஆடியது. பைப்பைச் சும்மா சொருகி விட்டிருந்தார்கள், சுற்றிலும் இடைவெளி. அதற்கு ஒரு ரப்பர் வளையம் போட்டார்.

கடைசியாகப் படுக்கையறை. ஏசியின் முன்பக்கத்தைக் கழற்றி, தண்ணீர் போகும் ஹோஸைச் சுவர் பைப்பிலிருந்து உருவிவிட்டுப் பேப்பரைப் பிடித்தார். பேப்பர் பட்டம் மாதிரி எங்கள் பக்கம் பறந்தது! சுவருக்குள் மறைத்துக் கொண்டுபோன அந்தப் பைப்பை, டக்ட்டில் (கட்டடத்தின் குழாய்கள் எல்லாம் போகும் சந்து) இறங்கும் பாத்ரூம் கழிவுக் குழாயோடு நேராக இணைத்திருக்கிறார்கள், நடுவில் டிராப் எதுவும் கிடையாது. சாக்கடைக்கும் என் தலையணைக்கும் நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தடுப்பாக இல்லை, ஏசி வேறு உள்ளே இருந்து இழுத்து அறை முழுக்க ஊதியிருக்கிறது. ராத்திரி மட்டும் ஏன் என்ற மர்மம் அதோடு தீர்ந்தது.

பழைய பைப்பை எண்ட் கேப் போட்டு அடைத்தார். பாத்ரூம் சுவரில் துளை போட்டு முக்கால் அங்குலப் பைப் ஒன்றை இறக்கி, ஏசி தண்ணீர் நானி டிராப்பின் மேல் சொட்டுகிற மாதிரி விட்டார். இனி ஏசி ஓடுகிற வரை அந்த டிராப் காயவும் வழியில்லை. சாமானோடு சேர்த்து 1,850 ரூபாய். அன்று ராத்திரியிலிருந்து வாசம் இல்லை, தங்கையை மறுபடி வரவழைத்தும் சரிபார்த்தாயிற்று.

குறையும் உண்டு. பில் கேட்டால் சிரிக்கிறார், வேலை முடிந்த பிறகு போனை எடுப்பதே இல்லை, துளை போட்டதில் டைல்ஸ் ஓரம் பெயர்ந்தது. ஐந்துக்கு நாலு. புது ஃபிளாட் சாவி வாங்கப் போகிறவர்கள், ஏசி தண்ணீர் எந்தப் பைப்பில் போய்ச் சேருகிறது என்று பில்டரிடம் கேட்டு டக்ட்டை எட்டிப் பார்த்துவிடுங்கள். என் வீட்டில் இப்போது பாத்ரூம் சுவரில் தொங்கும் அந்த வெள்ளைப் பைப் அசிங்கமாக இருக்கிறது என்று மனைவி தினமும் சொல்கிறாள், பெயின்ட் வாங்கி வைத்திருக்கிறேன்.