செங்டுவா, சோங்சிங்கா? காரமும் வரலாறும் தேடிப் போகிறவர்களுக்கு

இரண்டும் சீனாவின் பெருநகரங்கள், ஒரே சிச்சுவான் மாகாணத்தில் இருந்த ஊர்கள்தாம். 1997-இல் சோங்சிங் தனியாகப் பிரிந்தது. இடையே சுமார் 300 கிலோமீட்டர், அதிவேக ரயிலில் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம். எங்கே தங்குவது என்பதை உங்கள் நாக்கையும் முழங்காலையும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஹாட்பாட் என்பது மேசையில் கொதிக்கும் காரக் குழம்புச் சட்டி, வேண்டியதை அதில் முக்கி வேகவைத்துச் சாப்பிடுவது. சோங்சிங் ஹாட்பாட்டின் உயிர் மாட்டுக் கொழுப்பு. மாட்டிறைச்சி தொடாதவர்கள் "கறி வேண்டாம்" என்று சொல்லித் தப்ப முடியாது, குழம்பே கொழுப்பு. செங்டுவிலும் அது உண்டு, ஆனால் தாவர எண்ணெய்ச் சட்டி எளிதாகக் கிடைக்கும். "சிங் யோ" என்று கேளுங்கள். சுத்த சைவர்களுக்கு அதுவும் வேண்டாம், செங்டு வென்ஷூ மடாலயத்தின் சைவ உணவகமே நிம்மதி. மாப்போ தோஃபு என்னும் காரமான சோயாக் கட்டிக் குழம்பை நம்பாதீர்கள், அதில் கொத்திய மாட்டிறைச்சி விழும்.

சுவையில் சோங்சிங் சட்டிக்கே என் ஓட்டு. ஒன்பது கட்டத் தடுப்புப் போட்ட சட்டி அது. நடுக்கட்டம் தளதளவென்று கொதிக்கும். மாட்டு இரைப்பைத் துண்டை அங்கே பதினைந்து விநாடி முக்கி எடுத்தால் மொறுமொறுப்பு, விட்டுவிட்டால் ரப்பர். மூலைக் கட்டங்களில் கொதி குறைவு. மெதுவாக வேகவேண்டியவை அங்கே. எடுத்ததை நல்லெண்ணெயும் நசுக்கிய பூண்டும் கலந்த கிண்ணத்தில் தோய்த்துத்தான் வாயில் போடவேண்டும். குழம்பைக் குடிக்கக் கூடாது.

ஆந்திரக் காரம் தாங்குபவர்கூட சிச்சுவான் மிளகில் தடுமாறுவார். அது மிளகே அல்ல, எலுமிச்சைக் குடும்பம். கொங்கணத்தில் மீன்குழம்புக்குப் போடும் திர்பலுக்கு உறவு. எரிக்காது, உதடு சிலிர்த்து மரத்துப்போகும். தண்ணீர் குடித்தால் காரம் அடங்காது. சோயாப் பால் வாங்கி வையுங்கள். "வெய் லா" என்றால் குறைந்த காரம், ஆனால் சோங்சிங்கில் அதுவே கனமானது.

செங்டு சமவெளி, பெற்றோரோடு நடக்கலாம். சோங்சிங் மலைமேல் கட்டிய ஊர். ஹோங்யாதோங் கட்டடத்தில் கீழ்த்தளத்திலும் ஒரு சாலை, பதினோராம் தளத்திலும் ஒரு சாலை. வரைபடம் 200 மீட்டர் என்று காட்டும் இடம் தலைக்குமேல் இருக்கலாம். மெட்ரோவில் எந்த வாசல் என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

வரலாறு இரண்டிலும் ஆழம், ஆனால் வேறு வேறு. செங்டுவுக்கு அருகே தூஜியாங்யானில் கி.மு. 256 வாக்கில் லீ பிங் தொடங்கிய நீர்ப்பாசனம் இன்றும் சமவெளிக்குத் தண்ணீர் தருகிறது. மீன்வாய் போன்ற கரை 'மின்' என்னும் ஆற்றைப் பிளக்கிறது: உட்கால்வாய் ஆழம், வெளிக்கால்வாய் அகலம். அதனால் வறட்சியில் பெரும்பங்கு வயலுக்கும் வெள்ளத்தில் பெரும்பங்கு வெளியேயும் போகும். அந்தப் பழைய அமைப்பில் குறுக்கே அணையே கிடையாது. அரை நாள் ஒதுக்குங்கள்.

சோங்சிங் 1937 முதல் 1946 வரை சீனாவின் போர்க்காலத் தலைநகர். ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தபோது மக்கள் பாறைச் சுரங்கங்களில் ஒதுங்கினார்கள். 1941 ஜூன் 5 இரவு ஒரு சுரங்கத்தில் மூச்சுத் திணறிப் பெருந்திரளானோர் மாண்டனர். அந்தக் காலப் பதுங்கு சுரங்கங்களில் சில இப்போது ஹாட்பாட் கடைகள். உட்காரும்போது மேலே பாறையைப் பாருங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் சோங்சிங் 40 டிகிரியைத் தாண்டும். அக்டோபர் முதல் வாரம் தேசிய விடுமுறைக் கூட்டம். போக ஏற்றது ஏப்ரல், அல்லது அக்டோபர் பிற்பாதி. முதல் தடவையென்றால் செங்டுவில் மூன்று இரவு, நாக்கு பழகியபின் சோங்சிங்கில் இரண்டு.