கட்டெறும்புக்கு ஆறு அறை வீடு: 14 மாத அனுபவம்

புறக்கோட்டையில் செல்லப்பிராணிப் பொருட்கள் விற்கும் கடையொன்றில் 9,500 ரூபாவுக்கு வாங்கிய ஆறு அறை அக்ரிலிக் எறும்புக்கூட்டை, வெள்ளவத்தையிலுள்ள எங்கள் வீட்டில் 14 மாதங்கள் வைத்திருந்த பின்னரே இதை எழுதுகிறேன். மெதுவாக வளரும் பெரிய எறும்புகளுக்கானது என்ற அறிவிப்போடு, போர்னியோ, சுமாத்திரா மழைக்காடுகளின் இராட்சத எறும்பான டைனோமிர்மெக்ஸ் ஜைகாஸின் படமும் பெட்டியில் இருந்தது. அவ்வினத்தில் வேலையாள் எறும்பு ஏறத்தாழ 2 சென்ரிமீற்றரும் படையாள் 2.8 சென்ரிமீற்றர் வரையும் நீளமுடையவை. எனக்கும் ஆசை வந்தது. ஆயினும் உயிருள்ள வெளிநாட்டுப் பூச்சிகளை அனுமதியின்றித் தருவிப்பது சட்டத்துக்கு முரணானது என்பதால், சென்ற ஆண்டு சித்திரை மழைக்கு மறுநாள் மொட்டைமாடியில் சிறகுதிர்த்து அலைந்த உள்ளூர்க் கட்டெறும்பு அரசியையே வளர்க்கத் தொடங்கினேன்.

அரசியை நேரே இக்கூட்டில் விட்டதுதான் என் முதற்பிழை. மூன்று நாள் ஓயாமல் சுவரோரம் சுற்றியது. பின்னர், பாதியளவு நீரைப் பஞ்சால் அடைத்த சோதனைக் குழாய்க்கு மாற்றி, கறுப்புக் காகிதம் சுற்றி வைத்ததும் அன்றிரவே அமைதியடைந்து, சில நாட்களில் முட்டையிட்டது. முதல் வேலையாட்கள் வெளிவர ஏழு வாரங்கள் சென்றன. அதுவரை அரசி எதையும் உண்ணாமல், இனிப் பயன்படாத பறத்தல் தசைகளைக் கரைத்தே குடம்பிகளுக்கு ஊட்டுகிறது. பத்து மாதம் கழிந்தும் என்னிடம் இருந்தவை 26 வேலையாட்களே.

அவற்றைக் கூட்டுக்கு மாற்றிய பிறகு, இப்பொருளின் உண்மையான குறை தெரிந்தது. தேவைக்கு மிஞ்சிய அறைகளைக் கட்டெறும்புகள் குப்பை மேடாக்கிவிடுகின்றன. கரப்பான் கால்களும் பிய்ந்த கூட்டுப்புழு உறைகளும் கடைசி அறையில் குவிந்து, இரண்டு வாரத்தில் வெண்பூஞ்சணம் படர்ந்தது. நான்கு அறைகளைப் பஞ்சால் அடைத்துவிட்டு இரண்டை மட்டும் திறந்து வைத்த பின்னரே நிலைமை சீரானது.

தப்பியோடாமல் விளிம்பில் பூசத் தந்த வெள்ளைத் திரவம் கொழும்பின் ஈரப்பதத்தில் நிற்பதில்லை. மழை நாளொன்றில் பதினொரு எறும்புகளைத் திரைச்சீலையிலிருந்து தூரிகையால் பொறுக்கினேன். இப்போது கனிம எண்ணெயை மெல்லியதாகப் பூசுகிறேன். வெளியிலிருந்து சிற்றெறும்பு நுழைந்தால் குடியே அழிந்துவிடும். ஆகவே, அம்மம்மா சாப்பாட்டு அலுமாரிக்குச் செய்ததுபோல, மேசைக் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்தியிருக்கிறேன். கூடவே தரும் வெப்பத்தட்டு இங்கு வேண்டியதில்லை.

ஆனால் கூட்டின் தெளிவையும் காந்த மூடியின் இறுக்கத்தையும் மனமாரப் பாராட்டுகிறேன். சிவப்புத் தாளுக்கூடாகப் பார்த்தால் எறும்புகள் கலைவதில்லை. பதின்மூன்றாம் மாதத்தில் ஓரிரவு, மூன்று வேலையாட்கள் உறையொன்றைக் கடித்துத் திறந்து, வெளிறிய உடலும் பெருந்தலையும் கொண்ட முதற் படையாளை மெல்ல இழுத்தெடுத்ததை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலாண்டைச் சோதனைக் குழாயிலேயே கழிக்கட்டும். பின்னர் அதே கடையில் 4,000 ரூபாவுக்குக் கிடைக்கும் இரண்டு அறைக் கூட்டை வாங்குங்கள். ஆறு அறைக் கூட்டைப் பிறகு குழாய் வழியாக அதனுடன் இணைத்துக்கொள்ளலாம்.