சோலார் இன்வெர்ட்டர் வாங்குறதுக்கு முன்னாடி: ரொம்ப நாள் ஓட்டின அனுபவம்

வீட்டுல 5 கேவிஏ ஹைப்ரிட் இன்வெர்ட்டர் (சோலார், பேட்டரி, லைன் கரண்ட் மூணையும் சேர்த்து ஓட்டுறது), 48 வோல்ட் லித்தியம் பேட்டரியோட சில வருஷமா ஓடுது. புதுசா போடப்போறவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது "எத்தனை கிலோவாட் எடுக்கலாம்"னுதான். இத்தனை நாள் ஓட்டினதுல நான் சொல்றது, அந்த நம்பரை விட முக்கியம் ஸ்பெக் ஷீட்டுல கீழ எங்கயோ சின்னதா போட்டிருக்குற நோ லோட் கன்சம்ப்ஷன், அதாவது ஒரு லோடும் போடாம சும்மா ஆன்ல இருக்கும்போதே இன்வெர்ட்டர் தனக்குன்னு எடுத்துக்குற கரண்ட்.

இதை நீங்களே அளந்து பாக்கலாம். ராத்திரி எல்லாரும் தூங்கின அப்புறம் ரவுட்டரும் ஒரு எல்இடி பல்பும் மட்டும் ஓடுது, ரெண்டும் சேர்ந்து 20 வாட்ஸ் வரும். பேட்டரி கேபிள்ல டிசி கிளாம்ப் மீட்டர் மாட்டினா (சாதா ஏசி கிளாம்ப்ல இது காட்டாது) 1.4 ஆம்ப் காட்டுது, பேட்டரி 52 வோல்ட், பெருக்குனா 73 வாட்ஸ். அப்போ மீதி 50 வாட்ஸுக்கு மேல இன்வெர்ட்டரே சாப்பிடுது! ஒரு நாளைக்கு கணக்கு போட்டா 1.2 யூனிட், நல்ல வெயில்ல ஒரு கிலோவாட் பேனல் நாளெல்லாம் குடுக்குறதே 4 யூனிட் கிட்டதான், அதுல கால் பங்குக்கு மேல இதுக்கே போயிடுது. அதனாலதான் தேவை 2 கிலோவாட்தான்னா "எதுக்கும் இருக்கட்டும்"னு 8 கிலோவாட் வாங்காதீங்கன்னு பாக்குற எல்லார்கிட்டயும் சொல்றேன், பெரிய மெஷின் பொதுவா சும்மா இருக்கும்போதும் அதிகமாதான் எடுக்கும். பவர் சேவிங் மோடுன்னு ஒண்ணு இருக்கு, ஆனா அது லோடு இல்லாதப்போ அவுட்புட்டை நிறுத்திட்டு அப்பப்போ லோடு வந்துச்சான்னு தேடும், ரவுட்டர் மாதிரி 24 மணி நேரமும் ஓடுற சின்ன லோடு இருக்குற வீட்டுல அதால பிரயோஜனம் இல்ல.

அதுக்காக ரொம்ப சின்னதாவும் போகக்கூடாது, ஏன்னா மோட்டார் இருக்கு. பழைய டைப் ஃப்ரிட்ஜ் ஓடும்போது 150 வாட்ஸ்தான், ஆனா கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகுற அந்த நொடி பல மடங்கு இழுக்கும், 1 ஹெச்பி தண்ணி மோட்டார்னா கேக்கவே வேணாம். டிரான்ஸ்ஃபார்மர் வெச்ச கனமான மாடல் இந்த இழுப்பை நல்லா தாங்கும், ஆனா அதுலதான் நோ லோட் கரண்ட் பொதுவா அதிகம். வெயிட் கம்மியா இருக்குற ஹை ஃப்ரீக்வன்ஸி மாடல் டபுள் பவரை சில நொடி தாங்கும்னு போட்டிருப்பாங்க, அவ்வளவுதான். என் கணிப்புல இன்வெர்ட்டர் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் இருந்து (அது மெதுவா வேகம் எடுக்கும், அந்த இழுப்பே இருக்காது) தண்ணி மோட்டாரை லைன் கரண்ட்லயே ஓட்டிக்க முடியும்னா ஹை ஃப்ரீக்வன்ஸியே போதும். கேவிஏவையும் வாட்ஸையும் ஒண்ணுன்னு எடுத்துக்காதீங்க, பவர் ஃபேக்டர் (கேவிஏல எவ்வளவு பங்கு வாட்ஸா வரும்ங்கிறது) 0.8னு போட்டிருந்தா 5 கேவிஏ மெஷின் 4000 வாட்ஸ்தான் தரும். ப்யூர் சைன் வேவ்தான் (லைன் கரண்ட் மாதிரியே வழவழன்னு வர்ற அலை) எடுக்கணும், அதுல யோசிக்க ஒண்ணுமில்ல, மாடிஃபைடு சைன்ல மோட்டார் சூடாகும், ஃபேன் ஒரு மாதிரி ரீங்காரம் போடும்.

அடுத்தது பேனல் வோல்டேஜ், இதை தயவுசெஞ்சு நீங்களே கணக்கு போடுங்க. சில மாடல்ல எம்பிபிடி (பேனல்லேருந்து முடிஞ்ச அளவு பவரை இழுக்குற பகுதி) உள்ள அதிகபட்சம் 145 வோல்ட்தான் வாங்கும், சிலதுல 450, 500 வரைக்கும். பேனல் பின்னாடி ஒட்டியிருக்குற விஓசி (லோடு எதுவும் இல்லாதப்போ பேனல் தர்ற வோல்டேஜ்) 47 வோல்ட்டுன்னா மூணு பேனல் சீரிஸ்ல (ஒண்ணோட ஒண்ணு கோத்து) 141 வருது, 145க்குள்ளதானேன்னு தோணும். ஆனா அந்த 47ங்கிறது 25 டிகிரில எடுத்த கணக்கு, குளிர ஆரம்பிச்சா டிகிரிக்கு கிட்டத்தட்ட 0.3 சதவீதம் ஏறும், 5 டிகிரி குளிர்ல காலைல வெயில் அடிச்சதும் 149 தாண்டிடும், போர்டு போக வாய்ப்பிருக்கு, பொதுவா வாரண்டியும் வராது.

கிரிட் டை இன்வெர்ட்டர் (பேட்டரி இல்லாம லைன் கரண்டோட சேர்ந்து ஓடுறது) மட்டும் போட்டா கரண்ட் போகும்போது சோலாரும் நின்னுடும், வெயில் கொளுத்தினாலும் சரி. லைன்ல வேலை பாக்குறவங்களுக்கு ஷாக் அடிக்காம இருக்க வெச்ச பாதுகாப்பு அது, ரிப்பேர் இல்ல. கரண்ட் கட்டு இருக்குற இடம்னா பேட்டரியோட ஹைப்ரிட்தான் சரி. அதுல கம்ப்யூட்டர் இருந்தா யுபிஎஸ் மோடுல வைங்க, கரண்ட் போனா 10 மில்லிசெகண்ட் கிட்ட பேட்டரிக்கு மாறிடும்.

லித்தியம் பேட்டரி மாட்டினா செட்டிங்ல ஈக்வலைசேஷன் (அப்பப்போ வோல்டேஜை ஏத்தி சார்ஜ் பண்றது) ஆஃப்ல இருக்கான்னு கண்டிப்பா பாருங்க, அது லெட் ஆசிட் பேட்டரிக்கானது, லித்தியத்துக்கு அந்த வோல்டேஜ் போகக்கூடாது. பிஎம்எஸ்ஸோட (பேட்டரிக்குள்ள அதை கவனிச்சு பாதுகாக்குற சர்க்யூட்) பேச கேபிள் இருந்தா மாட்டிடுங்க, இல்லன்னா பேட்டரி எவ்வளவு இருக்குன்னு இன்வெர்ட்டர் காட்டுற சதவீதம் வெறும் வோல்டேஜை வெச்சு போடுற கணக்குதான், அதை நம்ப முடியாது.

மாட்டுற இடம்: வெயில் படாத, காத்து வர்ற சுவர், மேலயும் கீழயும் இடம் விட்டு. 40, 45 டிகிரி தாண்டினா பல மாடல் பவரை தானே குறைச்சுக்கும். ஃபேன்ல தூசி அடைஞ்சா சத்தம் முதல்ல மாறும், அப்பவே எல்லா சப்ளையும் ஆஃப் பண்ணிட்டு ஃபில்ட்டரை கழட்டி ப்ரஷ் போட்டுடுங்க. அந்த ஃபேன் தனியா கிடைக்குமான்னு வாங்கும்போதே கேட்டு வெச்சுக்கோங்க, ஓடி ஓடி முதல்ல தேயுற பார்ட்டு அதுதான்.